வராமல் போனவள்

காரவள்ளி தாண்டிப் பஸ் முதல் வளைவில் திரும்பும்போதே டிரைவர் மாணிக்கம் அந்தக் கேசட்டைப் போட்டுவிடுவார். கொல்லிமலைக்கு எழுபது வளைவு ஏறி முடிப்பதற்குள் பாதிப் பேர் வாந்தி எடுக்கிற ரோடு அது. எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு வந்தவர்களுக்கும், சன்னலோரச் சீட்டுக்குச் சண்டை போட்டவர்களுக்கும் தொண்ணூற்றெட்டாம் வருஷத்துத் தைமாதம் ஒரே மருந்து கிடைத்தது. 'வராமல் போனவளே' என்ற கேசட். அழுகிறவனுக்கு வாந்தி வராது என்பது மாணிக்கத்தின் கண்டுபிடிப்பு. உண்மையோ பொய்யோ, பஸ்ஸைக் கழுவி விடுகிற வேலை அவருக்குக் குறைந்தது. ஒரு காதல் காவியம் சாகாவரம் பெற இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

கேசட் அட்டையில் ஒரு தாடிக்காரன் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருப்பான். கீழே, 'கண்ணீர்க் கவி சசிகுமார். எழுதியது, இசையமைத்தது, அழுதது எல்லாம் அவரே' என்று அச்சடித்திருந்தார்கள். டீக்கடையில் அதே பாட்டு, சலூனில் அதே பாட்டு. கல்யாண வீட்டில்கூடத் தாலி கட்டி முடித்த கையோடு அந்தக் கேசட்டைப் போட்டு மாப்பிள்ளையைத் திருதிருவென்று விழிக்க வைத்தார்கள்.

அந்தக் கேசட்டை வனிதா முதன்முதலாகக் கேட்டதும் மாணிக்கத்தின் பஸ்ஸில்தான். அவள் மலையில் நர்ஸ். பேளுக்குறிச்சிப் பக்கம் சொந்தத்தில் கிணறும் காடும் வைத்திருக்கிற அர்த்தநாரியின் மகள். வேலை கிடைத்ததும், 'மலையா, ஐயோ' என்று சொந்தக்காரர்கள் எல்லாம் உச்சுக்கொட்ட, அவள் மட்டும் பெட்டியைக் கட்டிக்கொண்டு மேலே வந்துவிட்டாள். அன்றைக்குத் தடுப்பூசி மருந்து வைக்கிற ஐஸ் பெட்டி மடியில் இருந்தது. நாலு பாட்டு முடிவதற்குள் அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. பொய் சொல்லக் கூடாது, பையனுக்கு நல்ல குரல்.

"இப்பிடி ஒரு பையனை அழ உட்டுட்டுப் போயிருக்கறாளே, அந்தக் கெரகம் புடிச்சவ நல்லா இருப்பாளா கண்ணு?" என்றாள் பக்கத்துச் சீட்டில் அன்னாசி மூட்டையோடு இருந்த அம்மாள்.

"வெளங்கவே மாட்டாளுங்க" என்று வனிதாவும் மூக்கை உறிஞ்சினாள்.

அப்போதுதான் ஐந்தாவது பாட்டு வந்தது.

*ஐஸ் பெட்டி தூக்கிவந்தாய் – அதில்*
*மருந்து மட்டுமா வைத்திருந்தாய்?*
*ஆசைவைத்த என் நெஞ்சையுமே*
*அதற்குள் வைத்துப் பூட்டிவிட்டாய்*

வனிதா மடியில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். கொல்லிமலையில் ஐஸ் பெட்டி தூக்குகிறவள் தான் ஒருத்திதான் இல்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அடுத்த அடியில் நீலக் குடை வந்தது. அவள் குடை நீலம். அதற்கடுத்த அடியில் இடது புருவத்துத் தழும்பு வந்தது. கடைசியில் பேளுக்குறிச்சிச் சந்தையும், மிளகுக் கடையும், கொட்டுகிற மழையும், வராமல் போன பாதகியும் வந்தார்கள். வனிதா மெதுவாகப் பெட்டியைக் காலால் சீட்டுக்கு அடியில் தள்ளி, துண்டை எடுத்து அதன் மேல் போட்டாள்.

நடந்தது இவ்வளவுதான். சசிகுமார் யூனியன் ஆபீஸில் எழுத்தர். கீழே நாமக்கல் பக்கத்துப் பையன். மலைக்கு மாற்றிய நாளிலிருந்து யாரோ நாடுகடத்திவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு திரிந்தான். வனிதா ஆபீஸுக்குப் போகும்போதெல்லாம், 'வாங்க சிஸ்டர், உக்காருங்க சிஸ்டர்' என்று நாற்காலியைத் துடைத்துப் போடுவான். முந்தின ஐப்பசி மாதம் ஒருநாள், "சனிக்கிழமை சந்தைக்கு வருவீங்களா சிஸ்டர்? ஒரு விசயம் பேசோணும்" என்றான். ஊருக்குப் போகிற வழிதானே என்று அவளும் சரி என்றாள். அந்தச் சனிக்கிழமை விடியும்போதே, ஊர்த்தொகுதியை நாடு என்கிற அந்த மலையில், குண்டனி நாட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. ராமாயி என்கிற பெண்ணுக்குத் தலைப்பிரசவம். பிள்ளைக்குத் தலைக்குப் பதிலாகக் கால் முன்னால் வந்திருந்தது. வனிதா ஓடினாள். தாயும் பிள்ளையும் பிழைத்து, அவள் கையைக் கழுவியபோது பொழுது சாய்ந்திருந்தது. சந்தை அவள் நினைவிலேயே இல்லை.

சசிகுமார் மழையில் நனைந்துகொண்டு மிளகுக் கடை முன்னால் நின்றான். மறுநாள் வந்து, 'ஏனுங்க சிஸ்டர் வரலை' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒரு டீயோடு முடிந்திருக்கும். கேட்டால் காரணம் தெரிந்துவிடுமே. காரணம் தெரிந்துவிட்டால் பாட்டு எப்படி வரும்? அவன் லீவு போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தாடி வளர்த்தான். அவள் கையை ஒருநாளும் பிடித்ததில்லை, ஆனால் அவள் கைவிட்டாள் என்று பத்துப் பாட்டு எழுதினான்.

மாசி மாதம் அவன் சாமான்களை எடுத்துப்போக மலைக்கு வந்தபோது வனிதா நேரே போய் முன்னால் நின்றாள்.

"ஏனுங்க, அந்தப் பாட்டுல வர்றது நானுங்களா?"

அவன் கண்ணை மூடினான். தாடி நனைந்தது.

"அன்னைக்கு ராமாயிக்குப் பிரசவமுங்க. கால் முன்னாடி வந்துருச்சு. உட்டுட்டு வர முடியுங்களா?"

சசிகுமார் கண்ணைத் திறந்தான். காதலி துரோகி இல்லை என்று தெரிந்தவன் முகத்தில் வரவேண்டிய சந்தோஷம் எதுவும் வரவில்லை. திருப்பதி போய்ச் சேர்ந்த பிறகு கோயில் பூட்டு என்று கேள்விப்பட்டவன் போல நின்றான். "இதை யாருகிட்டயும் சொல்லீராதீங்க" என்றான் ரகசியமாக. "கேசட்டு இப்பத்தான் சேலம் பக்கம் போக ஆரம்பிச்சிருக்குது."

அந்த இடத்திலேயே அவள் சிரித்துவிட்டுத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. நமக்காக ஒருத்தன் பத்துப் பாட்டு அழுதிருக்கிறான் என்றால் யாருக்குத்தான் உள்ளுக்குள் இளகாது? ஊசி போடும்போது பிள்ளைகள் அழுவதைத் தவிர வேறு யாரும் அவளைப் பார்த்து அழுததில்லை. அவள் ஊருக்கு இறங்கும்போது சசிகுமார் அப்புறம் வாராவாரம் அடிவாரத்துக்கு வந்தான், பேசினான், கெஞ்சினான். பாட்டில் பாதகி ஆனவளுக்கு நேரில் மகாராணி பட்டம். ஆவணியில் கல்யாணம் என்று முடிவானது.

அங்கேதான் கேசட் கடைச் சின்னுசாமி குறுக்கே வந்தார். நாமக்கல்லில் அவர் கடையில்தான் கேசட் பதிவானது. தன் வாழ்நாளில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷன், ஆனால் அடுத்தவன் கண்ணீருக்கு என்ன விலை என்று நன்றாகத் தெரிந்தவர்.

"தோத்தவன் பாட்டைத்தான் தம்பி ஊரு கேக்கும். ஜெயிச்சவன் பாட்டை அவன் பொண்டாட்டிகூடக் கேக்கமாட்டா. ரெண்டாவது கேசட்டு வர்ற வரைக்கும் கல்யாண விசயம் மலைக்குத் தெரியப்படாது" என்றார்.

திருச்செங்கோட்டு மலைக்கோயிலில் இரண்டு வீட்டாரை மட்டும் வைத்துச் சசிகுமார் தாலி கட்டினான். ஒரு போட்டோ எடுக்கவில்லை. மாப்பிள்ளை தாடியை எடுக்கவில்லை. கேட்டவர்களுக்குச் சாமி வேண்டுதல் என்றார்கள். வேண்டுதல் என்னவோ சின்னுசாமிக்குத்தான். "திருட்டுக் கல்யாணமாட்டம் இருக்குதே சாமி" என்று அர்த்தநாரி மகளிடம் முணுமுணுத்தார். "கொஞ்ச நாளைக்குத்தாங்கப்பா" என்றாள் வனிதா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கக் கிளம்பியவர்கள் எல்லோரும் சொல்கிற வார்த்தை அது.

அவள் மலையில் நர்ஸாக இருந்தாள். அவன் லீவை நீட்டிக்கொண்டு நாமக்கல்லில் கவியாக இருந்தான். சனிக்கிழமை அவள் இறங்கி வருவாள். கறி வாங்கிக் குழம்பு வைப்பாள். அவன் தட்டு நிறையத் தின்றுவிட்டுப் பெருமூச்சு விடுவான். இரண்டாவது கேசட்டுக்கு ஒரு அடிகூட வரவில்லை.

"நீ கொஞ்ச நாள் வராம இருந்து பாரேன்" என்றான் ஒருநாள். "எனக்கு அந்த ஏக்கம் வரோணும்."

"வாரத்துல ஆறு நாள் மலையிலதான இருக்கறேன். அது பத்தாதுங்களா?"

"எங்க, சனிக்கிழமையானா வந்துர்றியே" என்றான் குறைப்பட்டு.

வனிதா அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள். அவன் கிண்டல் செய்யவில்லை.

தை பிறந்து சில நாளில் அவளுக்குத் தலைசுற்றியது. அவளே நர்ஸ், அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது, வயிறு தெரிகிற வரைக்கும். தெரிந்த பிறகு மலைக்காரர்களின் கண் அவள் கழுத்துக்கும் வயிற்றுக்குமாகப் போய்ப் போய் வந்தது. இத்தனை நாள் சேலைக்குள் மறைத்திருந்த தாலி இப்போது கழுத்தில் தெரிந்தது. தாலி கட்டியவனைத்தான் யாரும் பார்த்ததில்லை.

"ஏனுங்க சிஸ்டர், ஊட்டுக்காரரு எங்கிங்க?" என்பார்கள் மாத்திரை வாங்க வந்தவர்கள்.

"வெளியூருங்க."

"எந்த வெளியூருங்க? ஒருக்காவும் வந்து பாக்கலியே."

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. தானே கழுத்தில் மஞ்சள் கயிறு போட்டுக்கொண்டாள் என்று ஒருத்தி சொன்னாள். மருந்து லாரிக்காரன் என்று இன்னொருத்தி சொன்னாள். பிறக்கிற பிள்ளைக்கெல்லாம் அப்பன் பேர் என்ன என்று கேட்டுக் கேட்டு எழுதுகிற வனிதா, தன் பிள்ளையின் அப்பன் பேரை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் நின்றாள். அவமானமாக இருந்தது. கேவலம் ஒரு கேசட்டுக்காகவா என்று நினைத்தபோது ஆத்திரமாகவும் இருந்தது. ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஆடி நோம்பிக்குச் செம்மேட்டு மேடையில பாடப் போறீங்க அல்லீங்களா? மலை முச்சூடும் அங்க வரும். பாடறதுக்கு முன்னாடி, இவதான் எம்பொண்டாட்டின்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லீருங்க. வேற ஒண்ணும் வேண்டாம். நான் இந்தப் புள்ளையோட இந்த மலையில தலை நிமுந்து நடக்கோணும்."

அவன் கண் கலங்கியது. அவனுக்கு அது கைவந்த கலை. அவள் வயிற்றில் கைவைத்து, "சத்தியமாச் சொல்றேன் புள்ள" என்றான்.

ஆடிப் பதினெட்டு அன்றைக்குக் கீழிருந்து வந்த கூட்டமும் மலைக்கூட்டமும் சேர்ந்து செம்மேட்டில் கால் வைக்க இடமில்லை. வனிதா புதுச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, முன் வரிசைக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் குண்டனி நாட்டு ராமாயி. அவள் மடியில், கால் முதலில் வெளியே வந்து பிறந்த அந்தப் பிள்ளை, சோளப்பொரி தின்றுகொண்டிருந்தது. பின்னால் ஓரமாக டிரைவர் மாணிக்கம் பஸ் கண்ணாடியைத் துடைக்கிற துணியோடு நின்றார். கவியைப் பெற்றெடுத்தது தான்தான் என்கிற கர்வம் அவருக்கு.

சசிகுமார் மேடையேறினான். தாடி நெஞ்சுவரை வந்துவிட்டது. மைக்கைப் பிடித்ததும் பேச்சும் மாறிவிட்டது.

"நண்பர்களே, இன்றைக்கு உங்களிடம் ஒரு உண்மையைச் சொல்லப் போகிறேன். அவள்... வராமல் போன அவள்... இன்றைக்கு இங்கேதான், இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறாள்."

கூட்டம் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தது. வனிதா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். எழுந்து நிற்பதற்கு ராமாயியின் தோளில் கைவைத்தாள்.

மேடைக்குக் கீழே சின்னுசாமி உட்கார்ந்திருந்தார். சசிகுமார் அவரைப் பார்த்தான். அவர் தலையை ஆட்டவும் இல்லை, கையைக் காட்டவும் இல்லை. திரும்பிக் கூட்டத்தை மட்டும் ஒருமுறை பார்த்தார். சசிகுமாரும் பார்த்தான். அத்தனை பேரும் துண்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் தயாராக வைத்திருந்தார்கள்.

"இங்கேதான் இருக்கிறாள்" என்றான் மறுபடியும். குரல் உடைந்தது. "இன்னொருவனின் குழந்தையை வயிற்றில் சுமந்துகொண்டு..."

ஒரு பெரிய 'ஐயோ' எழுந்தது. பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டார்கள். ஆர்மோனியம் ஐந்தாவது பாட்டை ஆரம்பித்தது.

"நாசமாப் போறவ" என்றாள் ராமாயி கண்ணைத் துடைத்தபடி. "அவ புள்ளை குட்டியோட வெளங்குவாளா?"

"ராமாயிக்கா" என்றாள் வனிதா. "என்னையக் கொஞ்சம் தூக்கி உடுங்க."

அவள் மேடையை நோக்கி நடந்ததும் கூட்டம் விலகிக் கொடுத்தது. துக்கம் தாளாமல் யாரோ மயங்கிவிட்டார்கள் போல என்று நினைத்து, "சிஸ்டருக்கு வழி உடுங்கப்பா" என்று குரல் கொடுத்தார்கள். படியேறக் கைகொடுத்தார்கள். அவள் மேலே போய் மைக் முன்னால் நின்றதும்தான் ஆர்மோனியம் நின்றது. சசிகுமார் ஒரு எட்டு பின்னால் போனான்.

"நாந்தானுங்க அந்த வராமப் போனவ" என்றாள் வனிதா. மருந்து எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்கிற அதே குரல். "அன்னைக்கு ராமாயிக்காவுக்குப் பிரசவமுங்க. அதுதான் சந்தைக்குப் போக முடியல. அதோ, அந்தப் புள்ளதானுங்க அது."

எல்லாத் தலையும் திரும்பியது. பிள்ளை பொரி தின்பதை நிறுத்தவில்லை.

"அதுக்கு இவரு பத்துப் பாட்டு எழுதினாரு. பரவால்லீங்க. அப்பறம் போன ஆவணியில திருச்செங்கோட்டுல எனக்குத் தாலி கட்டினாரு. என்ற வயித்துல இருக்கறது இவரு புள்ளதானுங்க. இன்னொருத்தன்னு யாருமில்லீங்க."

பின்னால் ஓரத்திலிருந்து மாணிக்கம் நிஜமான சந்தேகத்தோடு கேட்டார்.

"ஏனுங்க கவிஞரே, அப்பறம் எதுக்குங்க அழுதீங்க?"

முதலில் ஒருத்தன் சிரித்தான். அப்புறம் ஒரு வரிசை சிரித்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு மலையே சிரித்தது. ஒன்றரை வருஷமாக அழுத அழுகைக்கு வட்டி போட்டுச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் சசிகுமார் அவள் பக்கமாக வந்தான். மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று அவள் நினைத்தாள். அப்போதுகூட, அந்த நிமிஷத்தில்கூட, கேட்டிருந்தால் அவள் மன்னித்திருப்பாள். அவன் அவள் காதோடு குனிந்தான். அவன் முகத்தில் பல மாதங்களாகக் காணாத வெளிச்சம் இருந்தது.

"'நாந்தான் அந்த வராமப் போனவ'ன்னு சொன்னியே புள்ள, அதை இன்னொருக்காச் சொல்லு. அப்பிடியே பல்லவியா நிக்குது."

மைக் அதையும் ஊருக்குச் சொன்னது.

இன்னொருவன் பிள்ளை என்று சொன்னபோது வனிதாவுக்குக் கோபம்தான் வந்தது. இப்போதுதான் மனசு உடைந்தது. இவன் ஒருநாளும் தன்னைப் பார்த்ததே இல்லை என்று அவளுக்குத் தெரிந்துபோனது. மிளகுக் கடை முன்னால் நின்றபோதும் சரி, வயிற்றில் கைவைத்துச் சத்தியம் செய்தபோதும் சரி, அவன் அடுத்த அடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மேடையிலிருந்து இறங்கினாள். ராமாயி ஓடிவந்து அழுதுகொண்டே கையைப் பிடித்துக்கொண்டாள். நடக்கும்போது வனிதா தலை நிமிர்ந்துதான் நடந்தாள். கேட்ட வரம் கிடைத்துவிட்டது, கொடுப்பதாகச் சொன்னவன்தான் கொடுக்கவில்லை.

உலகம் தலைகீழாகிவிடவில்லை. சின்னுசாமி பழைய கேசட்டையே 'கொல்லிமலை மேடையில் நடந்த உண்மைச் சம்பவத்துடன்' என்று புது அட்டை போட்டு விற்றார். கீழே சேலத்திலும் ஈரோட்டிலும் இன்னும் அதைக் கேட்டு அழுதார்கள். மலையில் மட்டும் அது எடுபடவில்லை. ஐந்தாவது பாட்டு வந்தாலே பஸ் முழுக்கச் சிரிப்பு. சிரித்துச் சிரித்து வயிறு குலுங்கியதில் பழையபடி வாந்தி எடுக்க ஆரம்பித்தார்கள். மாணிக்கம் வெறுத்துப்போய் மேளக் கச்சேரிக் கேசட்டுக்கு மாறினார்.

ஆவணியில் ஒருநாள் அதே மாணிக்கம் ஆஸ்பத்திரிக்கு வந்தார். சசிகுமார் சொல்லி அனுப்பியிருந்தான். தாடியை எடுத்துவிட்டானாம். இந்தச் சனிக்கிழமை பேளுக்குறிச்சிச் சந்தையில், அதே மிளகுக் கடை முன்னால் காத்திருப்பானாம். வந்தால் ஊரறியக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போவானாம்.

"என்னங்க சிஸ்டர் சொல்லட்டும்?"

"வாரேன்னு சொல்லுங்கண்ணா" என்றாள் வனிதா.

சனிக்கிழமை வானம் வெளுத்துக் கிடந்தது. மலையில் எந்த நாட்டிலும் யாருக்கும் வலி வரவில்லை. வனிதா ஐஸ் பெட்டியைக் கழுவி வெயிலில் கவிழ்த்தாள். நிறைமாத வயிற்றோடு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து மலைவாழைப்பழத்தை ஒவ்வொன்றாக உரித்துத் தின்றாள். தன் பிள்ளைக்கு ஊசி போட வந்த ராமாயிக்கு அதைப் பார்த்து ஆச்சரியம்.

"ஏனுங்க சிஸ்டர், சந்தைக்குப் போகலீங்களா? அவரு அங்க காத்துக்கிட்டு நிப்பாரே."

"நிக்கட்டும்க்கா" என்றாள் வனிதா, இன்னொரு பழத்தை எடுத்தபடி. "வரலை வரலைன்னு ஊரெல்லாம் பாடினாரு. ஒருக்காவாச்சும் நான் நெசமா வராம இருக்க வேண்டாமா?"

ராமாயிக்கும் ஒரு பழம் கொடுத்தாள்.